பின் சீட்டுப் பாவாயக்கா

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில், எல்லாரும் தங்களையே பார்த்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் கிறிஸ்துவுக்குச் சீஷனாக வாழ்வது எப்படி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பைக் கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது. வேலைக் காலம் முழுக்க சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டியவன் நான். மைக்கைக் கையில் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வேதத்தை விளக்கப் போதகர் ஐயா இருக்கிறார். எனக்குத் தெரிந்தது பஸ்தான், அதைப் பற்றித்தான் எழுதுவேன்.

அப்பா ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்துக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அதே எஸ்டேட்டின் ஜீப்பில் ஓட்டக் கற்று, கொஞ்ச காலம் லாரி ஓட்டி, பிறகு அரசு பஸ்ஸுக்கு வந்தேன். இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். நடுவில் அப்பாவிடம் வாங்கிய திட்டை எழுதினால் இந்தத் தாள் போதாது.

மலையில் ஓட்டுகிறவனுக்கு முக்கியமான பாடம் இரண்டே இரண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது ஒன்று. கால் பிரேக்கை உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சமாகத்தான் போட வேண்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது பாடம், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஏறுகிறவன் பாரத்தோடு வருகிறான், நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். இதில் சட்டமும் இருக்கிறது, கொஞ்சம் கருணையும் இருக்கிறது.

இப்போது சனி ஞாயிறுகளில் மலைக்கு வந்து பாருங்கள். ஒதுங்கி நிற்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை, ஆனால் போட்டோ எடுக்க மட்டும் வளைவிலேயே காரை நிறுத்துவார்கள். கியரே போடத் தேவையில்லாத கார்கள் வேறு வந்துவிட்டன. சமவெளியில் ஓட்டுகிற மாதிரி பிரேக்கில் காலை வைத்தபடியே மலையிலிருந்து இறங்கி வருவார்கள். அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து புகை வர, என்னவோ ஏதோ என்று இறங்கிப் பார்ப்பார்கள்.

நான் எல்லாருக்கும் வழிவிடுவேன். உரிமை இல்லாதவனுக்கும் விடுவேன். என் விசுவாசத்தை நான் வேறு எங்கே காட்ட முடியும்? என் கண்டக்டர் செல்லமுத்து இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வான். மாரமங்கலத்துக்காரன், என்னைவிடச் சின்னவன்.

"ஏனுங்ண்ணா, உங்க ஏசு சாமி வழிவிடச் சொன்னாரு, சரி. அவரு டயத்துக்குப் போய்ச் சேரச் சொல்லவே இல்லீங்களா?"

"போய்ச் சேந்தாத்தானேப்பா டயமு."

"அதுவுஞ் சரிதானுங்க. ஆனா வண்டி லேட்டுன்னா சனம் என்னையத்தானே பேசுது."

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. இன்ஜினைப் போட்டுவிட்டு காற்று அழுத்த முள் ஏறும் வரை காத்திருப்பேன். பிரேக்கை மிதித்து விடுவேன். உஸ் என்று காற்று இறங்கும் சத்தத்தைச் செல்லமுத்து வெளியே சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கேட்பான். சத்தம் சரியாக இருந்தால் தலையை ஆட்டுவான். பிறகு நான் ஸ்டியரிங்கில் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்வேன். அவன் வெள்ளிக்கிழமையானால் முன்கண்ணாடிக்கு எதிரே சூடம் காட்டுவான். "உங்க சாமி பிரேக்கைப் பாத்துக்கட்டும், எங்க சாமி டிக்கெட்டைப் பாத்துக்கும்" என்பான். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி நிறைய ஆட்கள். பின்னால் ஒரு வெள்ளைக் கார் மேலே இருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவசரக்காரன் போலிருக்கிறது, இடம் வந்ததும் விடலாம் என்று நினைத்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் ஹாரன் விட்டு விட்டு அடிப்பது நின்று, ஒரே நீளமாகக் கத்த ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன். முன்சக்கரத்திலிருந்து புகை. ஓட்டுகிறவர் ஒரு கையை வெளியே நீட்டி விலகு, விலகு என்று ஆட்டுகிறார்.

பிரேக் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. என் மனசில் அப்போது ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க வழிவிட்டவன் நான். இன்றைக்கு வழிவிட்டால் இந்தக் கார் என்னைத் தாண்டிப் போய் அடுத்த வளைவில் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும், இல்லாவிட்டால் கீழே இருந்து ஏறி வருகிறவன் மேல் மோதும். வழிவிடாமல் என் வண்டியின் முதுகைக் கொடுத்தால் கார் நிற்கும். ஆனால் அந்த முதுகில் உட்கார்ந்திருப்பது நான் இல்லையே, டிக்கெட் வாங்கி என்னை நம்பி ஏறிய சனம்.

"செல்லமுத்து, பின்னாடி காருக்குப் பிரேக் இல்ல. நம்ம வண்டியில சாய்ச்சு நிறுத்தப் போறேன். பின் சீட்டைக் காலி பண்ணு. காலியானதும் ரெண்டு விசில் குடு."

அவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எந்திரிங்க, எந்திரிங்க, எல்லாரும் முன்னால போங்க, கம்பியைப் புடிச்சுக்குங்க" என்று சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ என்பது எங்கள் விசில் பாஷை. இரண்டு விசில் கேட்டது. வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பின்னால் வருகிறவன் வேகத்துக்கு நாமும் ஓடினால்தான் இடி மெதுவாக விழும். மடார் என்று விழுந்தது. நினைத்ததைவிடப் பலமாகத்தான் விழுந்தது. கார் எங்கள் பம்பரில் ஒட்டிக்கொண்டது தெரிந்ததும் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, வளைவுக்கு முன்னால் மலைச்சுவர் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

காரில் இருந்தவர்கள் கணவன், மனைவி, ஒரு பெண்குழந்தை. ஒருத்தருக்கும் காயமில்லை. எங்கள் வண்டியில் ஒரே ஒருவருக்கு அடி. மலைக் கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து சேலத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த பாவாயி என்ற அம்மா, பின் சீட்டுக்கு முன்னால் கீழே கிடந்தார். வலது கை அவர் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. செல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தம்மாளும் எந்திரிச்சுருச்சுன்னு நெனைச்சுத்தானுங்ண்ணா விசில் குடுத்தேன். மத்தவங்க எல்லாம் வந்துட்டாங்க. இது மட்டும் அசையவே இல்லீங்களே."

"வயசான கட்டை, காது கேக்கல போல" என்றார் ஒருவர். "சொன்னா கேக்கோணுமுங்க" என்றார் இன்னொருவர். மணிக்கட்டு முறிந்திருந்தது. பின்னால் வந்த ஒரு வேனில் ஏற்றிச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கார்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுது முடித்ததும் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் இருந்த யாரோ எடுத்த வீடியோவும் அதுவும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியது. உயிர் காத்த ஓட்டுநர் என்று என் மீசையை எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போயும் கொஞ்ச நேரம் அதைத் தோளிலேயே போட்டிருந்தேன். என் மனைவி எஸ்தர் ஒரு முட்டைக்கோஸையும் கத்தியையும் கொண்டுவந்து முன்னால் வைத்து, "அதை மடிச்சு வெச்சுட்டு இதை நறுக்குங்க, சாமி" என்றாள்.

எங்கள் பஸ் டிப்போவின் கிளை மேலாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. டிரைவரையோ கண்டக்டரையோ விசாரிக்க வேண்டி வந்தால் முதலில் பேனாவை மூடி வைப்பார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொள்வார். நாம் நின்றுகொண்டிருக்க அவர் உட்கார்ந்து விசாரிப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் எழுந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். பேசி முடித்ததும் தானே கதவு வரை வந்து விடுவார். திட்டு வாங்கியவனும் தலை நிமிர்ந்துதான் வெளியே வருவான்.

நடந்ததை விசாரிக்க அவர் கூப்பிட்ட அன்றைக்கு நான் உள்ளே போனதும் பேனாவை மூடினார், எழுந்தார்.

"நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க, பாக்கியநாதன். நானா இருந்தா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

"கர்த்தர் கிருபைங்க, சார்."

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"கட்டுப் போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களாமுங்க, சார்."

"போய்ப் பார்த்தீங்களா?"

போகவில்லை. பேட்டி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நேரம் இருந்தது. கொட்டச்சேட்டுக்குப் போகத்தான் நேரம் இல்லாமல் போயிருந்தது.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. ரிப்போர்ட் அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லிக் கதவு வரை வந்தார்.

நான் போனபோது பாவாயக்கா வீட்டில் தனியாகத்தான் இருந்தார். மகள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் இருப்புக் கொள்ளாமல், ஆடு பட்டினி கிடக்கும் என்று திரும்பி வந்துவிட்டாராம். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வாங்க டைவருங்க, உக்காருங்க" என்றார், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண்தான் விவரம் சொன்னாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கிவிட்டது. வருஷம் முழுக்க அக்கா எதிர்பார்த்திருப்பது இந்தச் சில வாரக் கூலியைத்தான். இந்த முறை அவர் போகாவிட்டால் அவருக்கென்று ஒதுக்கிய செடி வரிசைக்கு, அந்த நிரைக்கு, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பதும் சந்தேகம். ஒரு வீட்டைக் காப்பாற்ற நான் இன்னொரு வீட்டின் கையை முறித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய், அக்காவுக்குப் பதில் நான் வருகிறேன் என்று கேட்டேன். கைக்கு அகப்பட்ட விடுப்பை எல்லாம் எடுத்தேன். ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு பாவாயி, ஆளு மீசை வெச்சிருக்குது. சரி, மேஸ்திரி ஒத்துக்கிட்டா வாங்க" என்றார். கூலி அக்காவின் பெயரில் போக வேண்டும் என்று பேச்சு. நான் வர முடியாத நாட்களில் எஸ்தர் போனாள். அவள் என்னைவிட நன்றாகப் பறித்தாள் என்று, பறிக்கிற ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி எல்லார் எதிரிலும் சொன்னார்.

காப்பிப் பழம் பறிப்பது பார்க்கத்தான் சுலபம். சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். விரலால் லேசாகத் திருகினால் பழம் மட்டும் கழன்று வரும். இழுத்தால் காம்போடு வந்துவிடும், அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ வராது. ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன என் விரலுக்கு அந்த நயம் வரவே இல்லை. நான் பறிக்கிற லட்சணத்தைக் கேள்விப்பட்டு பாவாயக்காவே தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டபடி உட்கார்ந்து, அங்கிருந்தே என்னை வேலை வாங்கினார்.

"ஏனுங்க டைவருங்க, பச்சையைப் போட்டுட்டீங்களே. அதைப் பொறுக்கி எடுத்துருங்க, ரைட்டரு வைவாரு."

"எடுத்துட்டேங்க்கா."

"காம்பை இழுக்காதீங்க சாமி, செடி என்ன பண்ணுச்சு உங்களை?"

இப்படியே வாரங்கள் போயின. பருவம் முடியும் வரை அவர் பெயரில் கூலி நிற்கவில்லை, நிரையும் கை மாறவில்லை. கட்டுப் பிரித்தார்கள், விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தன. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்துகொண்டிருந்தது. சீஷன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். பொன்னாடையைவிட இந்த நினைப்புதான் கதகதப்பாக இருந்தது.

கடைசிப் பறிப்பு நாளன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "அக்கா, எம்மேல கோவம் ஏதாச்சும் இருக்குதுங்களா? உங்களைக் கேக்காம உங்க சீட்டுல காரோட இடியை வாங்கிட்டேன்."

"கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க கேட்டிருந்தாலும் நான் ஆகட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

"செல்லமுத்து கூப்பிட்டது உங்களுக்குக் காது கேக்கலீங்களாக்கா?"

"அதெல்லாம் நல்லாக் கேட்டுச்சுங்க."

"அப்புறம் ஏனுங்க்கா எந்திரிக்கல?"

அக்கா தன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்னால கண்ணாடியில அந்தப் பொண்ணு தெரிஞ்சுதுங்க, காருக்குள்ள. கொழந்தையை மார்ல அணைச்சுட்டுக் கதவைத் தொறந்துருச்சு. ஒரு காலை வெளியே எடுத்து வெச்சுருச்சுங்க. குதிக்கப் போவுதுன்னு தெரிஞ்சு போச்சு. நான் சீட்டு மேல முட்டி போட்டுத் திரும்பிக் கண்ணாடியைத் தட்டுனேன். பாத்துச்சு. உக்காரு, உக்காருன்னு கையக் காட்டுனேன். கொழந்தையைக் கட்டிப் புடிச்சுக்கன்னு இப்புடிக் காட்டுனேன். அது எம்மூஞ்சியவே பாத்துட்டு மெதுவாக் காலை உள்ளே எடுத்துச்சு, கதவைச் சாத்துச்சு. கண்டக்டரு எந்திரி, எந்திரிங்கறாரு. நான் எந்திரிச்சுப் போயிட்டா அது குதிச்சுருமுங்களே. நான் அங்கேயே இருக்கறன்னு அது பாக்கோணுமில்ல? அதான் இருந்துட்டேன். அப்பத்தான் இடிச்சுது."

எத்தனை பேட்டி, எத்தனை போட்டோ, சபையில் எத்தனை கைத்தட்டல். அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய கை மாவுக்கட்டோடு இந்த மரத்தடியில் இத்தனை வாரமும் என் எதிரிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

"ஏனுங்க்கா, இதை நீங்க யாருகிட்டயுமே சொல்லலீங்களே. காது கேக்காத கெழவின்னு எல்லாரும் பேசுனாங்களே. எங்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"யாருங்க கேட்டாங்க? அன்னிக்கு எல்லாரும் உங்களைப் பாத்துட்டு இருந்தாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார், குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. "நீங்களுந்தான் தவறாம வந்தீங்க, நொம்ப நல்ல மனசு. ஆனா நீங்க பழம் பறிக்கத்தானே வந்தீங்க."

நிரையில் இன்னும் சில செடிகள் பாக்கி இருந்தன. மேஸ்திரி தூரத்திலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. கூடையை ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பக் கேக்கறேனுங்க்கா. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன்.